மணம் அறியாத மூக்கு

மூக்கடைப்பை நம்மவர்கள் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. தைலம் தடவிக்கொள்வதோடு சரி. பீனிசம் என்றும் சைனஸ் என்றும் சொல்லப்படும் இவ்வுபாதை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்டதாகும். அத்தகையோரில் பலருக்கு மணம் அறியும் ஆற்றல் சிறுகச் சிறுகக் குறைகிறது. மெல்லக் குறைவதால் அவர்களுக்கே தெரிவதில்லை. வயதாகிவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள்.

நமது அன்னதானக் கூடத்தில் காய்கறி நறுக்கித் தரும் அம்மையார் ஒருவர், "சாம்பாரில் ருசியே இல்லையே, ஐயா" என்று வாரந்தோறும் அடியேனிடம் குறைபட்டுக்கொள்வார். வேறு எவரும் குறை காணவில்லை. ஒருநாள் அடுப்புக் குழாயில் எரிவாயு கசிந்தது. பக்கத்திலேயே நின்ற அவருக்குத் தெரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிய பையன்தான் சத்தம் போட்டான். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் மூக்கு கண்டுகொள்ளட்டும் என்றே துர்நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். மூக்கே வேலை செய்யாதவர் என்ன செய்வார்?

ஆசிரியராக இருந்த பழக்கத்தால் இதைச் சற்று விளக்குகிறேன். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு போன்ற சில சுவைகளையே. பெருங்காயம், கறிவேப்பிலை, ஏன், டுரியானின் ருசியும் பெரும்பாலும் மூக்கின் வழி வருவதுதான். மணமறியும் நரம்பணுக்கள் மூக்கின் உச்சியில் ஒரு குறுகிய பிளவில் உள்ளன. வீக்கமோ 'பாலிப்' எனும் சதை வளர்ச்சியோ அதை அடைத்தால் வாசனை அங்கே எட்டாது. அழற்சி அந்த அணுக்களையும் தாக்கும். ஆயினும் அவை மீண்டும் தோன்றக்கூடியவை. தைலம் சுரீரென்று ஏறுவதை வைத்து மூக்கு நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அந்தச் சுரீர் வேறொரு நரம்பின் வேலை.

கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுதல், மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே, தேவையானால் அறுவை சிகிச்சை என வழிகள் உண்டு. பாலிப் அடங்காதவர்களுக்கு டுபிலுமாப் எனும் ஊசி மருந்து 2019இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது, விலைதான் அதிகம்.

அம்மையாருக்கும் பாலிப்தான். சிகிச்சை தொடங்கி இரண்டாம் மாதம் மல்லிகை மணக்கிறது என்றார். மறுவாரம் இல்லை என்றார். இந்நோயில் மணம் இப்படி வந்து வந்து போகும், மருந்தை நிறுத்தலாகாது. ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தமும் கசிந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.