கால் வழுக்காத படகு

ஈரக் காலோடு படகில் இறங்கும் முதல் அடிதான் ஆபத்தானது. நுவரெலியாவில் 1873ஆம் ஆண்டு உருவான கிரகரி வாவியானாலும், ஹட்டனுக்கு அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கமானாலும், மழையும் மூடுபனியும் படகின் தளத்தைக் காய விடுவதில்லை.

புதிய பைபர் கிளாஸ் படகின் தளத்தில் சிறுசிறு மேடு பள்ளங்கள் இருக்கும். வழவழப்பான ஈரத் தளத்தில் கால் வைத்தால், பாதத்துக்கு அடியில் சிக்கிய நீர் ஒதுங்க வழியில்லாமல் மெல்லிய படலமாக நிற்கும். கால் அதன்மேல் சறுக்கும். மழை பெய்த வீதியில் தேய்ந்த டயர் வழுக்குவதும் இப்படித்தான். மேடு பள்ளம் இருந்தால் நீர் பள்ளத்துக்கு ஓடிவிடும். மேடு பாதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காலப்போக்கில் மேடுகள் மிதிபட்டுத் தேய்கின்றன. பள்ளங்களில் பாசி படிகிறது. அதன் கொழகொழப்பு வழுக்கலை இன்னும் கூட்டுகிறது.

இழந்த சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். முதலில் பாசியையும், மெழுகையும், எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க வேண்டும். மெழுகு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், அந்த மெழுகு கீறல்களுக்குள் புகுந்து பூச்சை ஒட்டவிடாது. பிறகு மேற்பரப்பின் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். கூடுதலாகத் தேய்த்தால் நீரைத் தடுக்கும் மேலடுக்கே போய்விடும். அதன்மேல் பூசும் முதல் எபொக்சிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கழுவிக் காயவைத்த சன்னமான மணலைச் சீராகத் தூவ வேண்டும். இறுகியதும் ஒட்டாத மணலைக் கூட்டியெடுத்து, மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் மணல் உதிராது.

மலையகத்தில் இந்த வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். குளிர் கூடக் கூட எபொக்சிப் பூச்சு இறுகும் வேகம் குறையும். 10 பாகை செல்சியசுக்குக் கீழே வழக்கமான பூச்சுகள் சரியாக இறுகுவதில்லை. காற்றின் ஈரம் பனித்துளியாகும் வெப்பநிலையைவிடத் தளம் குறைந்தது 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பனிநீர் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே பனி விலகி வெயில் ஏறியபின் தொடங்கி, மாலைப் பனி இறங்கும் முன் முடிப்பதே நல்லது.

கொழுந்துக் கூடையோடு படியில் இறங்கும் பெண்களின் கால்களுக்கும் மேடு பள்ளத்தின் இதே அறிவியல் உதவும். லயத்துப் படிக்குச் சீமெந்து பூசும்போது வழவழப்பாக மெழுக வேண்டாம். ஈரம் காயும் முன் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் போதும். செலவில்லாத அந்தக் கோடுகள் மழைக்காலம் முழுவதும் காலைப் பிடித்து நிறுத்தும்.