நமக்கு எது தெரியாது?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது பழமொழி. ஆனால் ஏறத்தாழ 33 வயதில் இலத்தீன் இலக்கணத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குப் பின் அதையே சிறுவர்களுடன் அமர்ந்து மீண்டும் முதலிலிருந்து படித்த ஒருவரைத் திருச்சபை புனிதராகப் போற்றுகிறது. அவரே புனித லொயோலா இஞ்ஞாசியார்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்களைக் காணும் உறவினர் அனைவரும், "மேலே என்ன செய்யப் போகிறாய்?" என்றே கேட்கின்றனர். செவிலி, ஆசிரியை, வங்கி அலுவலர் என்று நாங்களும் தயங்காமல் விடை கூறுகிறோம். "அத்தொழிலுக்கு வேண்டியவற்றுள் உனக்கு எது இன்னும் தெரியாது?" என்று எவரும் கேட்பதில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்வதில்லை. இக்கேள்வியின் அருமையை இஞ்ஞாசியாரின் வாழ்விலிருந்து அறிந்து கொள்ளலாம்.

ஸ்பெயின் நாட்டில் 1491-ஆம் ஆண்டு பிறந்த அவர் முதலில் போர்வீரராக விளங்கினார். 1521-இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. நோய்ப் படுக்கையில் கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் படித்து மனம் மாறினார். பிறருடைய ஆன்மாக்களுக்கு உதவ விரும்பினார். ஆர்வம் இருந்தது, கல்வி இல்லை. அந்நாளில் உயர்கல்வி யாவும் இலத்தீன் மொழியிலேயே நடந்தது. எனவே 1524-இல் பார்சலோனா நகரில் இலத்தீன் கற்கத் தொடங்கினார்.

பின்பு அல்காலா பல்கலைக்கழகத்தில் தருக்கம், இயற்கைத் தத்துவம், இறையியல் ஆகிய மூன்றையும் ஒரே காலத்தில் படித்தார். அவசரத்தில் எதுவும் மனத்தில் ஊன்றவில்லை. 1528-இல் பாரிஸ் நகரை அடைந்தபோது, தம் அடிப்படையே வலுவற்றது என்பதை உணர்ந்தார். வெட்கப்படவில்லை. சிறுவர்களின் வகுப்பில் சேர்ந்து, அப்பல்கலைக்கழகத்தின் முறைப்படி பாடங்களை வரிசையாகக் கற்றார்.

அங்கும் ஓர் இடையூறு நேர்ந்தது. அவர் நம்பி ஒப்படைத்த பணத்தை உடன் தங்கியிருந்தவர் செலவழித்துவிட்டார். பிச்சையெடுத்து உண்ண வேண்டியிருந்ததால் படிக்க நேரம் கிடைக்கவில்லை. ஒரு துறவியின் அறிவுரைப்படி ஆண்டுதோறும் ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்குச் சென்று, ஸ்பானிய வணிகர்களிடம் உதவி பெற்று வந்தார். அப்பணம் ஆண்டு முழுவதற்கும் உதவியது. மற்ற மாதங்களெல்லாம் படிப்புக்குக் கிடைத்தன. 1535-இல், 40 வயதைக் கடந்த பின், முதுகலைப் பட்டம் பெற்றார். அவருடைய இயேசு சபைக்கு 1540-இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் ஒப்புதல் அளித்தார்.

அவர் எழுதிய 'ஆன்மப் பயிற்சிகள்' என்னும் நூலில் ஓர் எளிய வழி உள்ளது. நம்மிடமுள்ள குறைகளுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும். காலையில் அதைக் களைய உறுதி பூண வேண்டும். நண்பகலிலும் இரவிலும் மணி மணியாக எண்ணிப் பார்த்து, எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளிகளைக் கோட்டின்மேல் இட வேண்டும். பின் நாளோடு நாளையும், வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். பாவத்தை வெல்லச் சொல்லப்பட்ட இவ்வழி படிப்புக்கும் தொழிலுக்கும்கூடப் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பின் எங்களுள் சிலர் இதைச் செய்து பார்த்தோம். செவிலியாக விரும்பும் தோழி ஒருத்தி, "எனக்குக் கணக்கே வராது" என்று அழுதுகொண்டிருந்தாள். அவள் விடைத்தாள்களை வரி வரியாகப் பார்த்துத் தவறுகளுக்குப் புள்ளியிட்டோம். அல்ஜீப்ராவில் புள்ளிகள் மிகக் குறைவு. பின்னம், தசமம், விகிதம் வந்த இடங்களிலேயே அவை குவிந்திருந்தன. 'கணக்கு வராது' என்ற பெரிய பூதம், கீழ்வகுப்புப் பாடங்கள் மூன்றாகச் சுருங்கிவிட்டது.

செவிலிக்கு அவை இன்றியமையாதவை. மருத்துவர் 250 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் என்று உள்ளது. 10 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும் என்பது விகிதக் கணக்கு. தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும். தேர்வில் போவது மதிப்பெண். மருத்துவமனையில் போவது ஓர் உயிராக இருக்கலாம். இதை உணர்ந்தபின் அத்தோழி தன் தங்கையின் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்க வெட்கப்படவில்லை.

ஆகவே தோழியரே, முதலில் நாம் விரும்பும் தொழிலில் இருப்பவரிடம் சென்று, காலை முதல் மாலை வரை அவர் செய்யும் வேலைகளைக் கேட்டு எழுதிக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தெரியும்', 'தெரியாது' என்று குறிப்போம். 'தெரியும்' என்பதை நினைவால் அல்ல, செய்து பார்த்தே எழுத வேண்டும். தெரியாதவற்றுள் மற்றவற்றுக்கு அடிப்படையான ஒன்றைத் தேர்வோம். யாரிடம், எந்த நேரத்தில், எத்தனை வாரத்தில் கற்பது என முடிவு செய்வோம். அதற்குத் தடை எது என்பதையும் அருகில் எழுதுவோம். ஞாயிறுதோறும் புள்ளிகளை ஒப்பிடுவோம்.

எல்லாம் கற்ற பின்தான் பணியில் இறங்க வேண்டுமா? இல்லை. பாரிஸில் இஞ்ஞாசியாருடன் ஒரே அறையில் தங்கிப் படித்த புனித சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தவர்களைக் கூட்டிச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைத் திரட்டிக் கற்பித்தார். அவருக்குப்பின் வந்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்றுப் போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களில் அச்சேறியது. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பினார்.

தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனின் உவமையை நாம் அறிவோம். தெரியாததைத் தெரிந்ததுபோல் மறைப்பதும் ஒருவகையில் தாலந்தைப் புதைப்பதே. பெற்றோரே, எங்கள் மதிப்பெண்ணைக் கேட்பதோடு, எது புரியவில்லை என்றும் அன்புடன் கேளுங்கள். நாங்களும் அஞ்சாமல் உண்மையைச் சொல்வோம். இன்றிரவே ஒரு கோடு வரைந்து முதற்புள்ளியை இடுவோம். இறைவன் துணை நிற்பாராக!