கலியாணக் கார்டும் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்பும்



ஒரு ரமழானில் அஸருக்குப் பின், சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு தாயை நோய் விசாரிக்கச் சென்றிருந்தேன். சீனி வருத்தக்காரர். வியர்த்து, கை நடுங்கப் படுத்திருந்தார். சீனி பார்க்கும் மெஷின் அலுமாரிக்குள் இருந்தது. “விரல்ல குத்தினா நோன்பு முறிஞ்சிருமே மௌலவி! இந்தச் சின்னத் துண்டு என்னத்தக் காட்டப் போகுது?” என்றார். முறியாது என்று எடுத்துச் சொன்ன பிறகு மகள் சோதித்துப் பார்த்தார். 58! உடனே நோன்பைத் திறக்கச் செய்தோம்.

அந்தச் சின்னத் துண்டு எப்படி உண்டாகிறது தெரியுமா? உங்கள் வீட்டுக் கலியாணக் கார்டு அச்சாகும் ஸ்கிரீன் பிரின்ட் முறையில்தான்! சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் வேண்டாத கண்களை அடைத்துவிடுவார்கள். மேலே மையைப் போட்டு ரப்பர் பட்டையால் இழுத்தால், திறந்த கண்களின் வழியே மட்டும் மை கீழே இறங்கும். கார்டில் இறங்குவது வர்ண மை. இங்கே இறங்குவதோ மின்சாரம் ஓடக்கூடிய கரித்தூள் மை. வளையும் பிளாஸ்டிக் தாளில் அந்தக் கோடுகள் காய்ந்ததும், குளுக்கோஸோடு வினைபுரியும் நொதியத்தை மேலே பூசுகிறார்கள். இரத்தத் துளி பட்டதும் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. சீனி கூடினால் அதுவும் கூடும். மெஷின் அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது.

இந்த நொதிய முறைக்கு 1962இல் வழிகாட்டியவர்கள் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும். 1984இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட், ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். 1987இல் பேனா அளவு மெஷின் கடைக்கு வந்தது. ஒரே தாளில் நூற்றுக்கணக்கான ஸ்ட்ரிப்களை அச்சடித்து வெட்டலாம். அந்த வேகத்தால்தான், ஆய்வுகூடத்தில் செய்த வேலை நம் குசினி மேசைக்கு வந்தது.

இன்று ரப்பர் போல் இழுபடும் மைகளும் உண்டு. வெறும் உலோகக் கோடு இழுத்தால் வெடித்துவிடும். வெள்ளித் துகள்களை ரப்பர்ப் பசையில் குழைத்து அச்சிட்டால், இழுக்கும்போதும் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இப்படி அச்சிட்ட மென்மையான உணரிகளைத் தோலில் ஒட்டி, மூச்சையும் மூட்டசைவையும் வியர்வையையும் அளக்க ஆய்வுகள் நடக்கின்றன.

சகோதரிகளே! மலிவாய் அச்சானது என்பதற்காக அலட்சியம் வேண்டாம். நொதியம் ஈரத்தில் கெட்டுவிடும். நமது கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். எனவே ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே வையுங்கள். எடுத்த கையோடு மூடுங்கள். காலாவதித் திகதி பாருங்கள். பேரீச்சம்பழம் தொட்ட விரலில் சோதித்தால் பொய்யான கூடுதல் எண் வரும். ஆகவே கையைக் கழுவி, நன்றாகத் துடைத்த பின் குத்துங்கள்.

சோதனைக்காக விரலில் ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பரவலான கருத்து. எண் 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. தலைநோன்புக்கு முன்பே உங்கள் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கிறான். உடலும் அவன் தந்த அமானிதம்தான். அலுமாரிக்குள் இருக்கும் மெஷினை இன்றே வெளியே எடுங்கள்!