அணைந்த என்ஜினில் அடங்காத பெட்ரோல்!

தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கார். கிளம்பினால் மணிக்கு 290 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும். பழைய காராக வாங்கினாலும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட காரையும் நடுத்தெருவில் நிறுத்திவிடக் கூடியது ஒன்று உண்டு. கையில் பிடிக்கும் அளவே உள்ள ஓர் உலோகக் குப்பி!

அதுதான் பெட்ரோல் வடிகட்டி.

அதை வீட்டிலேயே மாற்றிக் கொள்கிறார்கள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சில கார் பிரியர்கள். திருகுவதும் கழற்றுவதும் பெரிய வித்தை அல்ல. ஆனால், அவசரப்பட்டால் காரோடு வீடும் எரிந்து போகும்!

சிவப்புத் தலை

காரின் பெயர், பெராரி டெஸ்டரோசா. "டெஸ்டா ரோசா" என்றால் இத்தாலிய மொழியில் "சிவப்புத் தலை" என்று பொருள். என்ஜினின் தலைப்பக்க மூடிகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசியிருப்பதால் இந்தப் பெயர்.

பெராரி தொழிற்சாலை, இத்தாலியில் மரனெல்லோ என்ற ஊரில் இருக்கிறது. அதை நிறுவியவர் என்சோ பெராரி. டெஸ்டரோசா காரை 1984-ம் ஆண்டு பாரிஸ் நகரில் முதன் முதலாக உலகுக்குக் காட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, தமது 90-வது வயதில் அவர் காலமானார்.

1991-ம் ஆண்டு வரை இந்தக் கார் தயாரானது. ஆகவே, இன்று ஓடும் டெஸ்டரோசா எல்லாமே 30 வயதைத் தாண்டியவை. வயதானால் மனிதருக்கு வைத்தியம், காருக்கு ரிப்பேர்!

ரிப்பேர் செலவு கொஞ்சநஞ்சமல்ல. இந்தக் காரில் என்ஜினுக்குள் ஓடும் பெல்ட்டை மாற்ற வேண்டுமானால், என்ஜினையே கீழே இறக்க வேண்டும். அதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். அதனால்தான், சிறிய வேலைகளையாவது தாங்களே செய்து கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் துணிகிறார்கள்.

தூசு செய்யும் தொல்லை

டீ வடிகட்டியில் தூள் தங்குகிறது. டீ மட்டும் கீழே இறங்குகிறது. காரிலும் அதே கதைதான்.

பெட்ரோல் தொட்டியில் நாளடைவில் துரு சேரும். தூசியும் சேரும். உலோகக் குப்பிக்குள் மடிப்பு மடிப்பாக வைத்திருக்கும் காகிதம் அவற்றைப் பிடித்துக் கொள்கிறது. சுத்தமான பெட்ரோல் மட்டும் என்ஜினுக்குப் போகிறது.

டெஸ்டரோசாவில் 12 சிலிண்டர்கள். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஆறு. ஒவ்வொரு பக்கத்துக்கும் பெட்ரோல் தனித்தனியாகப் போகிறது. ஆகவே, வடிகட்டியும் ஒன்றல்ல, இரண்டு!

பெட்ரோலை அளந்து கொடுக்கும் கருவி, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உண்டாக்கியது. அதில் உள்ள துவாரங்கள் மிக மிக நுண்மையானவை. ஒரு தூசு போய் உட்கார்ந்தாலும் அளவு தவறிவிடும்.

வடிகட்டி அடைத்துக் கொண்டாலும் ஆபத்துதான். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகமாக மிதிக்கும்போது, பெட்ரோல் போதாமல் என்ஜின் திணறும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாஷ் நிறுவனத்தின் இதே முறை, வோக்ஸ்வாகன், வால்வோ போன்ற சாதாரணக் கார்களிலும் இருந்தது. கார் என்னவோ ராஜா வீட்டுக் கார். அதற்குப் பெட்ரோல் ஊட்டும் முறையோ பக்கத்து வீட்டுக் காரில் இருந்த அதே முறை!

பிரஷர் குக்கர் பாடம்

அடுப்பை அணைத்தவுடன் பிரஷர் குக்கரை யாராவது திறப்பார்களா? திறந்தால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இந்தக் காரும் அப்படித்தான்.

ஓடும்போது பெட்ரோல் குழாயில் இருக்கும் அழுத்தம், கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாலும் அது முழுவதும் அடங்குவதில்லை. அப்படி அடங்காமல் இருக்க வேண்டும் என்றே ஒரு தனிக் கருவி வைத்திருக்கிறார்கள்.

காரணம் என்ன? என்ஜின் சூட்டில், குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடக் கூடும். ஆவி நிறைந்த குழாயை வைத்துக் கொண்டு என்ஜினைத் திரும்பக் கிளப்புவது கஷ்டம். அதைத் தடுக்கவே இந்த அழுத்தம்.

ஓட்டுகிறவருக்கு இது நன்மை. கழற்றுகிறவருக்கு இதுவே எமன்! அவசரமாகத் திருகைக் கழற்றினால், பெட்ரோல் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

தரையில் ஊரும் ஆவி

பெட்ரோலை விட அதன் ஆவி பொல்லாதது. அது கண்ணுக்குத் தெரியாது. காற்றை விடக் கனமானது. மேலே போகாமல், தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும். எட்டத்தில் எரியும் ஒரு சிறு சுடரைத் தொட்டாலும் போதும், தீ பின்னோக்கி ஓடி வந்து காரைப் பிடித்துக் கொள்ளும்.

அமெரிக்க வீடுகள் பலவற்றில், கார் நிற்கும் அறையிலேயே வெந்நீர் போடும் கியாஸ் கொதிகலனும் இருக்கும். அதன் சுடர் தரையிலிருந்து 18 அங்குல உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அங்கே கட்டிட விதி இருக்கிறது. தரையில் ஊரும் ஆவிக்குப் பயந்தே அந்த விதி!

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் இந்த வேலையை மூடிய அறையில் செய்வதில்லை. காற்றோட்டமான இடத்தில் காரை நிறுத்துகிறார்கள். பக்கத்தில் அடுப்பு, கொதிகலன், சிகரெட் எதுவும் கூடாது. சூடாகும் பல்பு விளக்கும் கூடாது. அது கை தவறி விழுந்து உடைந்தால், அதுவே தீக்குச்சி!

தண்ணீர் வாளியும் உதவாது. பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். தீயும் அதோடு பரவும். பெட்ரோல் தீயை அணைக்கும் பவுடர் கருவி, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். துணைக்கு ஒரு ஆளும் வேண்டும்.

மாற்றுவது எப்படி?

வேலை முதல் நாளே தொடங்குகிறது. பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகாமல் செய்துவிட்டு, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுகிறார்கள். குழாயில் உள்ள அழுத்தம் பெரும்பாலும் இதில் தணிந்துவிடும். பிறகு இரவு முழுவதும் காரை ஆற விடுகிறார்கள்.

மறுநாள் காலை, பேட்டரி இணைப்பைக் கழற்றுகிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி. கைக்கு உறை. வடிகட்டியின் கீழே ஒரு பாத்திரம்.

திருகைச் சுற்றித் துணியை நன்றாகப் போர்த்திக் கொண்டு, மெதுவாகத் தளர்த்துகிறார்கள். மிச்சம் இருக்கும் பெட்ரோலைத் துணி குடித்துவிடும். இதற்கு இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று வடிகட்டியைப் பிடித்துக் கொள்ள, இன்னொன்று திருகைச் சுற்ற. ஒரே ஸ்பானரால் முரட்டுத்தனமாகத் திருகினால், பழைய குழாய் முறுக்கிக் கொண்டு உடைந்து போகும்.

புதிய வடிகட்டியின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். பெட்ரோல் போக வேண்டிய திசை அது. அம்பு என்ஜினை நோக்கி இருக்க வேண்டும்.

திருகின் இரு புறமும் வரும் வாஷர்களும் புதியவையே. மிருதுவான உலோகத்தில் செய்த வாஷர், இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. ஒரு முறை நசுங்கியது மறு முறை சரியாக அடைக்காது. சில காசு மிச்சம் பிடிக்கப் பழைய வாஷரையே போட்டவர், காரையே பணயம் வைத்தவர் ஆவார்!

ரப்பர் குழாய்களையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் என்ற சாராயம் கலந்து வருகிறது. பழைய காலத்து ரப்பரை அது அரித்துவிடும். வெடிப்பு தெரிந்தாலும், தொட்டால் பிசுபிசுத்தாலும் குழாயை மாற்றியாக வேண்டும்.

ஒரு சொட்டுப் பரீட்சை

வடிகட்டியை மாட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. முக்கியமான கட்டம் இனிமேல்தான்.

சிந்திய பெட்ரோலைத் துடைத்து, வாடை போகும் வரை காத்திருக்கிறார்கள். பிறகு பேட்டரியை இணைத்து, என்ஜினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் ஓட விடுகிறார்கள். ஒவ்வொரு திருகையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்கிறார்கள். காகிதம் நனைந்தால் உடனே நிறுத்தம்!

நனையாவிட்டால் என்ஜின் கிளம்பும். சூடேறிய பின் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை, மீண்டும் அதே பரீட்சை. இவ்வளவு எதற்கு? ஒரு சொட்டு கசிந்து, நெருப்பாய்க் கொதிக்கும் புகைக் குழாயில் விழுந்தால் போதும். அரை மணியில் எலும்புக்கூடுதான் மிஞ்சும்.

நனைந்த துணியையும் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவதில்லை. வெட்டவெளியில் பரப்பி, நன்றாக உலர விடுகிறார்கள். பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுவதும் இல்லை.

திருகு அசையவில்லையா? குழாய் துருப்பிடித்திருக்கிறதா? அப்போது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கைதேர்ந்த மெக்கானிக்கை அழைப்பவரே புத்திசாலி.

மணிக்கு 290 கிலோ மீட்டர் ஓடும் காருக்குச் சொந்தக்காரர்தான். ஆனால் இந்த ஒரு வேலைக்கு, அவர் ஓர் இரவு முழுவதும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது!