எண்ணின் இயல்பும் படத்தின் வடிவும்

1786-ஆம் ஆண்டில் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் வெளியிட்ட வணிகப் படநூலில் 44 வரைபடங்கள் இருந்தன. அவற்றுள் 43 படங்கள் ஆண்டுதோறும் ஏறியும் இறங்கியும் சென்ற வணிகக் கணக்குகளைக் காட்டின. ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக்கு மட்டும் அவ்வாறு வரைய வழியில்லை. கைக்குக் கிடைத்தது 1780-81 என்னும் ஓராண்டின் கணக்கே. காலம் ஓடாத இடத்தில் கோடு எதை எதனோடு இணைக்கும்? ஆகவே நாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஏற்றுமதிக்கு ஒரு பட்டை, இறக்குமதிக்கு ஒரு பட்டை எனத் தீட்டினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் வரையும் பட்டை விளக்கப்படம் இப்படித்தான் புகழ்பெற்றது. வரைந்தவருக்கோ அதன்மேல் அத்துணை மதிப்பில்லை. காலத்தைக் காட்டாமையால் மற்றவற்றினும் பயன் குறைந்தது என்றே கருதினார்.

நாடு, தாய்மொழி, தொழில் ஆகியவை வகைகள். அவற்றுக்கிடையே இயல்பான வரிசை இல்லை. பட்டைகளுக்கு நடுவே விடும் இடைவெளி அதனை உணர்த்துகிறது. உயரமும் எடையும் இடையறாது தொடரும் அளவுகள். அவற்றை வகுப்புகளாகப் பிரித்து வரையும் நிகழ்வுச் செவ்வகத்தில் பட்டைகள் ஒட்டி நிற்கவேண்டும். வகுப்புகளின் அகலம் வேறுபட்டால் எண்ணிக்கையைச் சொல்வது உயரமன்று, பரப்பே. இதனை மறந்து உயரத்தை மட்டும் பார்ப்போர் அகன்ற வகுப்பைக் குறைவாக எடைபோடுவர். வட்ட விளக்கப்படமும் பிளேஃபேர் 1801-இல் தந்ததே. முழுமையொன்றின் கூறுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். கூறுகள் நான்கைந்தைத் தாண்டினால் கோணங்களை ஒப்பிடக் கண் தடுமாறுகிறது. பட்டையே மேல்.

இரண்டு அளவுகளின் உறவை அறியச் சிதறல் விளக்கப்படம் வேண்டும். அதில் எந்தப் புள்ளிகள் இடம்பெறுகின்றன என்பதில் உயிர்களே அடங்கியிருந்த நிகழ்வு ஒன்றுண்டு. 1986 சனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதைந்தது, எழுவர் மாண்டனர். உந்துகணையின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்ததே காரணம். முந்தைய இரவில் பொறியாளர்கள் இந்த அச்சத்தை எடுத்துரைத்தனர். ஆனால் வளையம் சேதமுற்ற பயணங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 53 டிகிரி பாரன்ஹீட்டிலும் சேதம், 75 டிகிரியிலும் சேதம். வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும்.

விசாரணை ஆணையம் சேதமில்லாப் பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது. 66 டிகிரியும் அதற்கு மேலுமாக ஏவிய 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம். அதற்குக் கீழ் ஏவிய நான்கிலும் சேதம். சுழியம் என்று குறிக்கவேண்டிய புள்ளிகளைச் ‘செய்தியில்லாதவை’ என்று ஒதுக்கியதால்தான் அந்தச் செய்தி மறைந்துகிடந்தது. சேதமே இல்லை என்பதும் ஓர் அளவீடு அல்லவா?

விளக்கப்பட வல்லுநர் எட்வர்ட் டஃப்டி 1997-இல் எழுதிய நூலில் இந்தத் தரவைச் சிதறல் விளக்கப்படமாக வரைந்தார். வெப்பநிலை அச்சை இடப்புறம் நீட்டி, ஏவும் நாளுக்கு முன்னறிவித்த 26 முதல் 29 டிகிரி வரையான பகுதியையும் காட்டினார். 53-க்கும் 29-க்கும் இடையே ஒரு புள்ளிகூட இல்லாத வெற்றிடம் கண்ணில் அறைகிறது. படம் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அன்றைய பொறியாளருள் ஒருவரும் சில பேராசிரியர்களும் 2002-இல் மறுப்பு எழுதினர்: பழைய பயணங்களுக்கு உரியது வளையத்தின் வெப்பநிலை, முன்னறிவிப்பிலுள்ளதோ காற்றின் வெப்பநிலை; இரண்டும் வேறான அளவுகள், ஓர் அச்சில் வைக்கலாகாது என்றனர். மறுப்பு முற்றிலும் நியாயமானது. படம் வரைந்தவர் பெயர் எத்துணைப் பெரிதாயினும், அச்சின் அடியில் எழுதியிருப்பது எந்த அளவு, அதை எங்கே அளந்தார்கள் என்பதை முதலில் படித்துவிட்டே புள்ளிகளிடம் செல்வது என் வழக்கம்.