எந்த வகுப்பு வார்டு?

சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவமனையில் ஒருவரைச் சேர்க்கும்போது கேட்கப்படும் கேள்வி இது. "அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும்" என்று பதற்றத்தில் தனியறையைச் சொல்லிவிடும் பிள்ளைகள் பலர். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் எவ்வளவு கைகொடுக்கும் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

யாரையும் தள்ளாத காப்புறுதி

1990இல் தொடங்கிய பழைய மெடிஷீல்டு, 92 வயதோடு நின்றுவிடும். ஏற்கெனவே நோய் இருந்தவர்கள் பலருக்கு அதில் இடமில்லை. 2015 நவம்பர் 1 முதல் நடப்பிலுள்ள மெடிஷீல்டு லைஃப், குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் ஆயுள் முழுக்கக் காக்கிறது. விண்ணப்பம் தேவையில்லை. கடுமையான நோய் முன்பே இருந்தவர்கள் பத்து ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்டுகிறார்கள், அவ்வளவுதான். நோயாளியைப் பார்த்தாலே கதவடைக்கும் காப்புறுதிகளுக்கு நடுவில் இதைப் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும். அதை மருத்துவச் செலவுக்கென நாம் சேர்க்கும் மெடிசேவ் சேமிப்பிலிருந்தே கட்டலாம்; பெற்றோருக்காகப் பிள்ளைகளின் மெடிசேவையும் பயன்படுத்தலாம். குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கும் முன்னோடித் தலைமுறை எனப்படும் முதியவர்களுக்கும் சந்தாவில் மானியம் உண்டு. கட்ட வழியே இல்லாதவரும் காப்புறுதியை இழப்பதில்லை.

பில் எப்படிக் கரைகிறது

முதலில் அரசாங்க மானியம் கழியும். பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை நாமே ஏற்கவேண்டிய கழிவுத் தொகை. அதற்கு மேற்பட்டதில் 3 முதல் 10 விழுக்காடு நம் பங்கு. பில் பெரிதாகப் பெரிதாக அந்த விழுக்காடு குறையும். மற்றதை, உச்சவரம்புகளுக்கு உட்பட்டு, திட்டம் ஏற்கும்.

கணக்குப் புரிவதற்காக ஒன்று. மானியம் போக பில் 8,000 வெள்ளி, கழிவுத் தொகை 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வரம்புகளுக்குள் இருந்தால், மீதி 6,000இல் நம் பங்கு அதிகம் போனால் 600. இந்த 2,600ஐயும் மெடிசேவிலிருந்து எடுக்க வழியுண்டு. கோரிக்கையை மருத்துவமனையே அனுப்பிவிடும்; நோயாளியின் வீட்டார் அலையவேண்டியதில்லை.

சிறு பில்லுக்குத் திட்டத்திலிருந்து ஒன்றும் வராமல் போவதும் இந்தக் கழிவுத் தொகையால்தான். "சந்தா கட்டியும் பயனில்லையே" என்று வருந்துகிறவர்களிடம் நான் சொல்வது, குடும்பத்தைக் கவிழ்த்துவிடக்கூடிய பெரிய பில்லுக்காகவே இது அமைந்தது என்பதுதான். ஆண்டு உச்சவரம்பு 2025 ஏப்ரலில் 1,50,000 வெள்ளியிலிருந்து 2,00,000 வெள்ளியாக உயர்ந்தது. வாழ்நாள் வரம்பு கிடையாது. படுக்கையில் சேராமல் செய்துகொள்ளும் சிறுநீரகச் சுத்திகரிப்பும் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையும் இதில் அடங்கும். பலதுறை மருந்தகத்தில் சளிக்கும் காய்ச்சலுக்கும் பார்ப்பது அடங்காது.

வார்டுக்குத் திரும்புவோம்

திட்டத்தின் கணக்கு பி2, சி வகுப்பு வார்டுகளை வைத்துப் போடப்பட்டது. பலர் சேர்ந்து தங்கும் இந்த வார்டுகளில்தான் மானியமும் அதிகம். ஏ வகுப்பையோ தனியார் மருத்துவமனையையோ தேர்ந்தெடுத்தால் மானியம் கிடையாது. பில்லின் ஒரு பகுதியை மட்டுமே திட்டம் கணக்கில் எடுக்கும். மருத்துவரை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி உயர் வகுப்பில் உண்டு. சி வகுப்பில் அது இல்லை, ஆனால் தேவையான சிகிச்சை உண்டு. அப்பாவை அங்கே சேர்ப்பது பாசக் குறைவாகாது.

உயர் வகுப்பு வேண்டுமென்று தனியார் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டத்தை வாங்குகிறவர்கள், வயதான பிறகு அதன் சந்தா எவ்வளவாகும் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மெடிசேவிலிருந்து எடுக்க வரம்பு உண்டு. மேலே போனால் ரொக்கம்தான்.

எல்லாம் கழித்தும் கட்ட முடியாத குடிமக்களுக்கு, 1993இல் ஏற்படுத்தப்பட்ட அரசாங்க உதவி நிதியான மெடிஃபண்டு இருக்கிறது. வார்டில் இருக்கும்போதே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து கடன் வாங்கிய பிறகு அல்ல.

வேலை அனுமதியில் வந்தவர்களுக்கு

கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் நம் தம்பிகளுக்கு மெடிஷீல்டு லைஃப் கிடையாது. அவர்களுக்கு முதலாளிதான் மருத்துவக் காப்புறுதி வாங்கவேண்டும். 2023 ஜூலை முதல் எடுக்கும், புதுப்பிக்கும் காப்புறுதிகளில் காப்புத் தொகை ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, முன்பு 15,000. காப்புறுதிச் சந்தாவை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.