நைட்ரோ தொகுதி எங்கே போய் உட்காரும்?

மாணவர்களே, "மெத்தில் தொகுதி நைட்ரோ தொகுதியை ஆர்த்தோ, பாரா இடங்களுக்கு அனுப்பும் என்று மனப்பாடம் செய்துவிட்டேன் சார். ஏன் என்று கேட்டால் என்ன எழுதுவது?" என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். தேர்வில் பலர் புள்ளிகளை இழப்பது இந்த 'ஏன்' என்ற இடத்தில்தான்.

பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் மெத்தில் தொகுதி இருந்தால் அது மெத்தில்பென்சீன். டொலுயீன் என்றும் சொல்வோம். அடர் நைட்ரிக் அமிலத்தையும் அடர் சல்ஃபூரிக் அமிலத்தையும் கலந்தால் நைட்ரோனியம் அயனி உருவாகும். நேர்மின்னூட்டம் கொண்ட இந்த அயனி, எலக்ட்ரான் செறிந்த வளையத்தைத் தாக்கும். ஒரு ஹைட்ரஜன் வெளியேற, நைட்ரோ தொகுதி அங்கே அமரும். இதுவே நைட்ரோ ஏற்றம்.

மெத்தில் தொகுதி தன் எலக்ட்ரான்களை வளையத்தின் பக்கம் தள்ளும். அதனால் டொலுயீன், பென்சீனைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வினைபுரிகிறது. பென்சீனுக்கு 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. டொலுயீனுக்குச் சுமார் 30 டிகிரியே போதும்.

சரி, எந்த இடம்? ஒரு தாளில் வளையத்தை வரைந்து, மெத்தில் இருக்கும் கார்பனுக்கு 1 என்று எண்ணிடுங்கள். 2, 6 ஆர்த்தோ, 3, 5 மெட்டா, 4 பாரா. அயனி 2 அல்லது 4இல் ஒட்டினால், நேர்மின்னூட்டம் பரவும் மூன்று கார்பன்களில் 1ஆம் கார்பனும் ஒன்று. அதன்மேல் இருக்கும் மெத்தில் எலக்ட்ரானைத் தந்து மின்னூட்டத்தைத் தணிக்கும். 3இல் ஒட்டினால் மின்னூட்டம் 2, 4, 6க்குப் போகும். மெத்திலின் நேரடி உதவி கிடைக்காது.

விளைபொருளில் ஆர்த்தோ சுமார் 59 விழுக்காடு, பாரா 37, மெட்டா 4. ஆர்த்தோதான் சிறந்த இடமா? அவசரப்படாதீர்கள். ஆர்த்தோ இடங்கள் இரண்டு, பாரா ஒன்றுதான். ஓர் இடத்துக்குக் கணக்கிட்டால் ஆர்த்தோவுக்கு 30க்குச் சற்றுக் குறைவு, பாராவுக்கு 37. மெத்திலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெருக்கடி! மெத்திலுக்குப் பதில் பருமனான மூவிணைய பியூட்டைல் தொகுதி இருந்தால் ஆர்த்தோ சுமார் 16 விழுக்காடாகச் சரியும். பாரா 73ஐத் தொடும்.

டொலுயீனில் 2, 4, 6 ஆகிய மூன்று இடங்களிலும் நைட்ரோ ஏறினால் கிடைப்பது டிஎன்டி வெடிபொருள். ஜெர்மானிய வேதியியலாளர் வில்பிராண்ட் இதை 1863இல் தயாரித்தார். ஆனால், நைட்ரோ தொகுதி எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால், ஒவ்வொரு முறை ஏறும்போதும் அடுத்த ஏற்றம் கடினமாகும். இன்னும் வீரியமான அமிலமும் கூடுதல் வெப்பமும் தேவைப்படும். நைட்ரோ ஏற்றம் வெப்பத்தை வெளிவிடும் வினை. குளிர்விப்பு தவறினால் வினை கைமீறிப் போகும். எனவே இதைத் தாளில் மட்டும் செய்து பாருங்கள்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடையும் இதுதான்: "விதியை எழுதாதே, வளையத்தை வரைந்து, மின்னூட்டம் எந்தக் கார்பன்களுக்குப் போகிறது என்று காட்டு. விதி தானாக வந்துவிடும்."